ஒட்டோவின் உதை

"மாஸ்டர், நான் மேடை ஏற மாட்டேன். காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றான் செலோர்ம்.

அறுபது வயது சாக்ஸபோன்காரன் அவன். மாஸ்டர் ஒட்டோ அவனைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் ஜாஸையும் ஊர்த் தாளத்தையும் கலந்து வாசிக்கும் அந்தக் குழுவைக் கானா நாட்டின் அக்ராவில் தொடங்கிய டிரம்மர் அவர்தான்.

ஒட்டோ பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பயம்?"

"வெளிய பாருங்க. எல்லாம் பொடிசுங்க. நம்ம பழைய ரெக்கார்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு. 'பீ... பப்பரப் பீ'ன்னு எனக்கு முன்னாடி அதுங்க பாடுது. போன வாரம் குமாசியில ஒரு ஸ்வரம் பிசகாமத்தான் வாசிச்சேன். கொட்டாவி விட்டுதுங்க."

"சரி."

"என்ன சரி? இத்தனை வருஷம் மறந்துட்டு இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கும் சொதப்பினா, 'தாத்தாக்களா, டாட்டா'ம்பான் மேனேஜர்." மேனேஜரின் மூக்கடைத்த குரலிலேயே சொன்னான்.

ஒட்டோ சிரிக்கவில்லை.

"ரெக்கார்டுல அவங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்?"

"நடுவுல நான் சட்டுனு நிறுத்துற இடம்."

"அன்னிக்கு ஏன் நிறுத்தினே?"

செலோர்ம் கதவைப் பார்த்தான். குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஊரடங்கு நேரம். ராணுவக்காரன் ஸ்டூடியோ கதவை உதைச்சான். மூச்சு நின்னுபோச்சு. அவன் அடுத்த கதவுக்குப் போனப்புறம்தான் திரும்ப வந்துது. டேப்பு ஓடிட்டே இருந்துது."

"அப்புறம், மேடையில?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணி நிறுத்துவேன்."

ஒட்டோ முடிச்சை இறுக்கினார். எழுந்தார்.

"மாஸ்டர், பதிலே சொல்லலியே?"

அவர் போய் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லை. செலோர்மும் ஏறினான். வாசித்தான்.

பீ... பப்பரப் பீ. கூட்டமும் கூடவே பாடியது.

அந்த இடம் வந்தது. நிறுத்தினான்.

ஒண்ணு...

தடால்!

ஒட்டோ பெரிய டிரம்மை உதைத்தார். தாளத்துக்கு உதைக்கிற உதை இல்லை அது. கதவை உதைக்கிற உதை.

செலோர்முக்கு எண்ணிக்கை மறந்தது. மூச்சு நின்றது.

ஊரடங்கு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு திரும்பி வந்தது. அப்போது அவன் வாசித்ததை யாராலும் கூடவே பாட முடியவில்லை.