ஒரு வாய்த் தண்ணீர்

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சியம்மாளுக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. பேச்சும் மூக்கால் வந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்கு மாணவர்கள் புடைசூழ வந்த பெரிய டாக்டர் கோதண்டராமன், அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "தொண்டை நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா நடிக்குது. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "சரிங்கய்யா. உங்க கையால ஒரு வாய்த் தண்ணி குடுங்க, குடிச்சிட்டுப் போயிடறேன்" என்றாள்.

டாக்டர் பெருமையோடு குனிந்து புகட்டினார். உடனே இருமல் வெடித்தது. தண்ணீர் அவள் மூக்கு வழியாகப் பீறிட்டு அவர் முகத்தை நனைத்தது.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மாணவனிடமிருந்து டார்ச்சை வாங்கினார். "ஆ சொல்லும்மா."

அவள் சோர்வோடு வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பு செயலிழந்ததற்கு அடையாளமாக உள்நாக்கு ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

"அனுப்பாதீங்க. மூக்குல குழாய் போட்டு அது வழியா கஞ்சி குடுங்க" என்றார் மெல்ல.

அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவர் முதலில் டார்ச்சைத்தான் அடித்தார்.