வாசலில் வைக்காத கல்

பாலைவனத்தின் நடுவில் அந்த மலை நின்றது. நினைத்தவர் நினைத்தபோது ஏறிவிட முடியாது. அடிவாரத்தில் ஒரு வாசல், வாசலுக்குச் சடையாண்டி என்று ஒரு காவல்காரர். ஏறுகிறவர் அவர் முன்னால் ஒரு கல்லை வைத்து, எந்தப் பாதையில் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். இறங்கி வந்ததும் கல்லை எடுத்துவிடவேண்டும். பொழுது சாய்ந்தும் கல் கிடந்தால், ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பாதையில் தேடிக்கொண்டு போவார்கள்.

ஆவுடையப்பன் தன் குருவோடு வாசலுக்கு வந்தபோது சடையாண்டி கையை விரித்துவிட்டார்.

"மேய்ச்சலுக்குப் போனவங்க இன்னும் திரும்பலைங்க. அவங்க வர்ற வரைக்கும் மலை அடைப்பு."

"ஏறப்போறது நான். ஆடு மேய்க்கிறவன் எதுக்குய்யா?"

சடையாண்டி முள் படலை இழுத்துச் சாத்தினார்.

ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது. சும்மாவா எரியும்? போன கோடையில் அவர் தம்பியும் இதே வாசலில்தான் நின்றான். இதே பதில்தான் அவனுக்கும். பொறுக்கமாட்டாமல், யாருக்கும் தெரியாமல் மலையில் ஏறிவிட்டான். எந்தப் பக்கமாக ஏறினான் என்று இன்றுவரை தெரியாது. ஆளும் வரவில்லை, எலும்பும் கிடைக்கவில்லை. ஊரில் அவன் பெண்டாட்டி மங்கையர்க்கரசி, நெற்றிப் பொட்டை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று தெரியாமல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பாவம், அழக்கூட அவளுக்கு வழியில்லை. ஒரு எலும்பையாவது கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட வேண்டும் என்பதுதான் ஆவுடையப்பனின் வைராக்கியம். அவளிடம் தீர்த்தமாடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. அதனால் அவரும் சீடரை 'நீங்க' என்றுதான் சொல்வார்.

மாலையில் ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்து மணலில் கோடு போட்டார். மலைக்குப் பின்பக்கம் ஒரு காய்ந்த ஓடை. அதன் வழியாக ஏறினால் சடையாண்டி கண்ணில் படமாட்டோம். பாதி வழியில் ஒரு தண்ணீர்ப் பையை ஒளித்துவைத்தால் இறங்கும்போது உதவும். விடிவதற்கு முன் கிளம்பிவிடலாம்.

நிழல் விழுந்தது. சட்டென்று கோட்டைக் கையால் அழித்தார்.

"என்ன வரைஞ்சீங்க?" என்றார் குரு.

"ஒண்ணுமில்லை சாமி. சும்மா."

"தோல்பை எல்லாத்துலயும் தண்ணி ரொம்பியிருக்கே?"

"வெயில் காலமாச்சே." பேச்சை மாற்றினார். "அடைச்ச வாசல் முன்னால ஒருத்தன் எத்தனை காலம் சாமி காத்துக் கிடப்பான்?"

குரு அழிந்த கோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

விடிவதற்கு முன் ஆவுடையப்பன் பூனைபோல எழுந்தார். குருவின் பாய் காலியாகக் கிடந்தது. கைத்தடி இல்லை. தண்ணீர்க் குடுவை மட்டும் மாட்டிய இடத்திலேயே தொங்கியது.

குடுவை இல்லாமலா போனார்?

ஆவுடையப்பன் தோல்பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"சாமி இந்தப் பக்கம் வந்தாரா?"

"இல்லைங்களே. கல்லும் வைக்கலை. எந்தப் பக்கம்னு தேடுவீங்க?"

காற்று தடத்தையெல்லாம் அழித்திருந்தது. கிழக்கே ஓடினார், கத்திக் கூப்பிட்டார். கிணற்றுப் பக்கம் ஓடினார். மணல்மேட்டில் ஏறி இறங்கினார். வெயில் ஏறியது. ஒரு பை முள்ளில் கிழிந்து கொட்டியது, ஒன்றை அவரே குடித்துத் தீர்த்தார். மலைக்கு வந்த நினைப்பே அற்றுப்போயிற்று. இந்த மனுஷனை எங்கே என்று தேடுவது? மடத்துக்குப் போய் என்னவென்று சொல்வது?

எங்கும் தேடிவிட்டுக் கடைசியாகத்தான் பின்பக்கத்து ஓடைக்கு வந்தார். ஒரு பாறை இடுக்கில், உதடு வெடித்து, குரு உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்த தண்ணீரை ஆவுடையப்பன் அவர் வாயில் ஊற்றினார். குரு குடித்து முடித்தார். அப்புறம்தான் ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. அதற்கும் பின்னால் கோபம் வந்தது.

"காலையிலேர்ந்து நாயா ஓடினேன் சாமி. உசிரோட இருக்கீங்களா, இல்லையா, அதுகூடத் தெரியலை. எந்தப் பக்கம் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

குரு காலிப் பையின் வாயைக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"மங்கையர்க்கரசியும் இதையேதான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னைக்கு உங்களையும் சேர்த்துக் கேட்டிருப்பா."