ஒரு மனுவுக்கு ஒரு பெயர்

"ரீச்சர், இரண்டில எதைக் கைவிடுறது?"

கேட்டவர் தில்லையம்பலம். வயது அறுபத்தொன்று. கங்காருக்களின் தேசத்துக்கு அகதியாக வந்த பிறகும் துண்டுப்பிரசுரத்தையும் மனுவையும் விடாதவர். அவர் குருவாக வரித்துக்கொண்ட சுபத்திரைக்கு வயது முப்பத்திரண்டு. அந்தக் காட்டின் உயிர்களை அறிந்தவள்.

ஓடையின் இரு கரையிலும் காடு. நாளை மரம் அறுப்பு.

காட்டு அலுவலகம் ஒரு சலுகை காட்டியிருந்தது. மனுவில் ஒரே ஒரு பெயர் எழுதலாம், தாய்மொழியிலும் எழுதலாம். அந்தப் பெயருக்குரிய உயிர் வாழும் கரையில் அறுக்கும் வாள் விழாது.

இரக்கத்தைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள்.

மேற்குக் கரையில், வயிற்றுப்பையில் குட்டி சுமக்கும் எலியளவு பிராணி. கிழக்குக் கரையில் ஒரு பாட்டுக்குருவி. இரண்டிலும் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம்.

"பிராணி குட்டியைப் பையில வைச்சுக்கொண்டு எங்கயாவது ஓடித் தப்பும். குருவிதான் பாவம். சொல்லிக்குடுக்கப் பெரிசுகள் இல்லை. குஞ்சுகள் வேற குருவியின்ர பாட்டைப் பாடுதுகள்" என்றார் தில்லையம்பலம்.

"அப்ப குருவியை எழுதுங்கோ."

"பிராணி வாயில்லாத சீவனெல்லோ! அதுக்கு ஆர் கதைக்கிறது?"

"அப்ப பிராணியை எழுதுங்கோ."

"பகிடி விடாதேங்கோ ரீச்சர். இருபத்தேழு வருசமா மனு எழுதிறவன் நான்."

"ஒண்டுக்காவது பதில் வந்ததோ ஐயா?"

தில்லையம்பலத்துக்குச் சுருக்கென்றது.

சுபத்திரை இரு கரையிலும் பூக்கும் மரமொன்றில் ஒரு பூவைப் பறித்து நீட்டினாள்.

"நக்குங்கோ."

நக்கினார். இனித்தது.

"பகலில இதை ஆர் குடிக்கிறது?"

"குருவி."

"இருட்டினால்?"

"பிராணி."

சுபத்திரை இன்னொரு பூவைப் பறித்துத் தானும் நக்கினாள்.

தில்லையம்பலம் கையிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

மனுவில் ஒரே சொல் எழுதினார்.

தேனுண்ணி.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். ஒரு பெயர்தான் இருந்தது. முத்திரையைக் குத்தினார்.

முத்திரை விழுந்த பெயரை அமைச்சர் வந்தாலும் அழிக்க முடியாது. அதுவும் அவர்கள் எழுதிய விதிதான்.

எந்தக் கரை என்று குறிக்க வரைபடத்தை விரித்த பிறகே அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. மொழிபெயர்க்க வந்திருந்த தமிழரிடம் ஏதோ கேட்டார்.

அவர் திரும்பினார். "அண்ணை, இது விலங்கோ பறவையோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லும்" என்று தலையாட்டினார் தில்லையம்பலம்.