லேப்டாப்பை அடைகாத்த காட்டுக்கோழி

அணைக்குக் கீழே ஆறு ஓடும் ஒரு காட்டில், செம்பி என்ற காட்டுக்கோழி கரைப்புதரில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. போன முறை இட்ட முட்டைகளை ஆறு கொண்டுபோய்விட்டது. அணையை எப்போது திறப்பார்கள் என்று காட்டில் யாருக்குத் தெரியும்? மேட்டில் இடலாம் என்றால் அங்கே கீரி. அதனால் மறுபடியும் கரைதான்.

ஆனால் இம்முறை செம்பிக்கு ஒரு துணை இருந்தது. ஆற்றை ஆராய வந்த மனிதர்கள் கரைக்கு மேலே ஒரு பாறைக்கடியில் லேப்டாப் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாறைமேல் ஒரு சோலார் பலகை. அதிலிருந்து ஒரு வயர். அணை திறந்தால் அந்தப் பெட்டி “கூக்! கூக்!” என்று கத்தும். அது கத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் வந்து சேரும். முட்டைகளைக் கீரிக்கு எட்டாத மேட்டு மரத்துக்குத் தூக்கிப்போக அந்த நேரம் போதும்.

தூக்கக் கை வேண்டுமே! செம்பி குரங்கைத் தேடிப் போனது.

“டேய் தொப்பையா! பெட்டி கத்தியதும் ஓடிவந்து என் முட்டைகளை எடுத்துப்போக வேண்டும். என்ன கேட்கிறாய்?”

“தினமும் ஒரு மடி கிழங்கு கிளறிக் கொடு!”

“ஒரு மடியா? என் கால் என்ன மண்வெட்டியா? போடா, காட்டில் வேறு குரங்கே இல்லையா?”

“கோபப்படாதே அக்கா! பாதி மடி?”

“ஒரு கிழங்கும் கிடையாது. அந்தப் பெட்டியில் படம் ஓடுமே, அதைப் பார்த்துக்கொள்!”

குரங்குக்கு வாயெல்லாம் பல். உடனே சம்மதித்தது.

அடுத்து மயில். புதருக்குப் பாம்பு வராமல் பார்த்துக்கொள்ள அது வேண்டும். மயில் கழுத்தை நீட்டிக்கொண்டு சொன்னது: “மழை இருட்டில் என் தோகை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பெட்டியின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வை. அதற்கு முன்னால் ஆடுவேன்.”

“ஆடிக்கொள்! எனக்கென்ன போச்சு?” என்றது செம்பி.

திரும்பி வரும்போது அதற்கு நடையே மாறிவிட்டது. “என் அலகிலிருந்து ஒரு புழு போகவில்லை. இரண்டு காவலாளிகளைப் பிடித்துவிட்டேன்!” என்று கொக்கரித்தது.

ஓசியில் பேரத்தை முடித்துவிட்டதாக நினைப்பு! எதை எடுத்துக் கொடுத்தோம் என்பது அந்தப் பாவத்துக்குத் தெரியவில்லை.

வானம் மூடிக்கொண்டது. சோலார் பலகைமேல் வெயில் எட்டிப்பார்க்கவே இல்லை. கீழே குரங்கு படத்துக்குமேல் படமாகத் திறந்துகொண்டே போனது. பழையதை மூடவே இல்லை. மயில் பகலெல்லாம் ஆடியது. ஒருநாள் பெட்டி “டிங்” என்றது. திரையின் மூலையில் பேட்டரிக் குறி சிவப்பாகிவிட்டது.

கிளையில் இருந்த கிச்சி என்ற மைனா படபடத்தது. மனிதர்கள் கூடாரம் போட்டிருந்தபோது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த பறவை அது.

“வெளிச்சத்தைக் குறை! வேண்டாததை மூடு! வேலை இல்லாதபோது தூங்க விடு! அணை திறந்தால் தானே விழித்துக் கத்தும்! அப்போதுதான் பேட்டரி தாங்கும்!”

“நேற்றுப் பூராவும் ‘சாம்பாரில் உப்பில்லை’ என்று கத்தியவள்தானே நீ?” என்று சீறியது செம்பி.

“அதுவும் அவர்கள் சொன்னதுதான், இதுவும் அவர்கள் சொன்னதுதான். சாம்பாரில் நிஜமாகவே உப்பில்லை!”

செம்பி சிவப்புக் குறியைப் பார்த்தது. பெட்டி செத்தால் முட்டைகளும் போச்சு! இறக்கையை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

“எழுந்திருங்கள் இரண்டு பேரும்! போதும் நீங்கள் தின்ற வெளிச்சம்!”

“அப்போ நம் பேரம்?” என்றது மயில்.

“பேரமாவது புண்ணாக்காவது! போ!”

மயில் முறைத்துக்கொண்டு போய்விட்டது. குரங்கு தலையைச் சொறிந்தது. பிறகு ஒவ்வொரு படமாக மூடியது. வெளிச்சத்தையும் குறைத்தது.

“படம் இல்லாவிட்டாலும் நான் வருவேன் அக்கா. குஞ்சு பாவம். பெட்டி கத்தினால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு மேட்டு மரத்துக்குப் போனது.

பெட்டி நிழலில் அமைதியாகத் தூங்கியது. அப்படியே விட்டிருந்தால், மிச்சமிருந்த சக்தி அந்த மழைக்குத் தாங்கியிருக்கும்.

செம்பியால் விட முடியவில்லை. மறுநாள் தூறலில் பெட்டியின் அருகே போய்க் கன்னத்தை வைத்துப் பார்த்தது. கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தது.

“ஐயோ! சில்லிட்டுவிட்டதே! சாகப்போகிறது!”

“தொடாதே! மூடினால் சூடாகும். சூடு அதற்கு ஆகாது என்றார்கள்!” என்று கத்தியது கிச்சி.

“சூடு ஆகாத உயிர் எங்கேயடி இருக்கிறது? நீ என்றைக்காவது பொறுமையாக அடைகாத்திருக்கிறாயா? குளிர்ந்த முட்டை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்!”

“எனக்கு அவர்கள் சொன்னது மட்டும்தான் தெரியும்...” என்று முனகியது கிச்சி.

செம்பி தன் முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு வந்தது. பாறைக்கடியில் நுழைந்து, பெட்டியின்மேல் ஏறி, இறக்கைகளை அகல விரித்து உட்கார்ந்தது. காற்று போகும் துவாரங்களையெல்லாம் இறகு அடைத்துக்கொண்டது. வயிறு பட்டு விசைகள் அமுங்கின. தூங்கிக்கொண்டிருந்த பெட்டி விழித்துக்கொண்டது.

மெல்ல மெல்ல வெதுவெதுப்பு ஏறியது. உள்ளே ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. முட்டைக்குள் குஞ்சின் நெஞ்சு அடிப்பதைப் போலவே இருந்தது.

“உயிர் வந்துவிட்டது! கிச்சி, உயிர் வந்துவிட்டது!” செம்பி கண்ணீர் விட்டது. இறக்கையை இன்னும் இறுக்கியது.

வெதுவெதுப்பு சூடானது. சூடு கொதிப்பானது. வயிறு வெந்தது. “பரவாயில்லை, பிழைத்துக்கொள்” என்று பல்லைக் கடிக்காத குறையாகப் பொறுத்துக்கொண்டது செம்பி.

பிறகு படபடப்பு நின்றது.

“தூங்கிவிட்டது” என்றது செம்பி, நிம்மதியாக.

கொஞ்ச நேரத்தில் எங்கோ மேலே இடி உருள்வதைப்போல ஒரு சத்தம். செம்பி தலையைத் தூக்கியது. இடி ஓயவில்லை. கிட்டே வந்தது. பெட்டி கத்தவில்லை. தண்ணீர்தான் வந்தது.

செம்பி அலறிக்கொண்டு கீழே ஓடியது. குரங்கு மேட்டிலிருந்து அந்த அலறலைக் கேட்டுத் தாவித்தாவி வந்தது. வந்து என்ன? புதர் இருந்த இடத்தில் கலங்கல் வெள்ளம் சுழித்துக்கொண்டிருந்தது.

“பெட்டி கத்தவே இல்லையே அக்கா! கத்தியிருந்தால் வந்திருப்பேனே!” குரங்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. தூக்கிப்போக வந்த கைகள்.

செம்பி மெதுவாகப் பாறைக்குத் திரும்பி, குளிர்ந்துபோன பெட்டியின்மேல் மறுபடியும் ஏறி உட்கார்ந்தது.

மழைக்காலம் போனது. வெயில் வந்து சோலார் பலகையில் கொட்டியது. பெட்டி எழவில்லை. செம்பியும் எழவில்லை.

ஒருநாள் கிச்சி தன் பழக்கத்தில், தெரியாத்தனமாக, “கூக்! கூக்!” என்று கத்திவிட்டது. செம்பி துள்ளி எழுந்தது. “தொப்பையா! வாடா! முட்டையை எடு!” என்று கூவிக்கொண்டே கரைக்கு ஓடியது. அங்கே வெறும் மணல்தான் இருந்தது. மணலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கேட்டதையெல்லாம் கத்தித் திரியும் கிச்சி, அந்தச் சத்தத்தை மட்டும் அதன்பிறகு எழுப்பவே இல்லை.

ஒன்றைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத அன்பு அணைத்த அணைப்பிலேயே கொன்றுவிடும்.