நாலு வீலுக்கு நாலு எலுமிச்சம்பழம்

கல்குவாரி முதலாளி பச்சியப்பன் பெயரைச் சொன்னாலே அந்த வட்டாரத்தில் பேச்சு அடங்கிவிடும். குழியிலிருந்து கல் ஏற்றி வரும் தன் பெரிய பிக்கப் வண்டிக்குப் பளபளவென்று நாலு அலாய் வீல் வாங்கி வந்தார். டயர்க்கடை முனிரத்தினத்தைக் குவாரி ஷெட்டுக்கு இழுத்துவரச் சொன்னார்.

முனிரத்தினம் ஒரு வீலைத் திருப்பினான். உள்பக்க விரிசலுக்கு வெல்டு வைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

“ஐயா, இது கல்லு பாரத்துக்குப் பிளந்துடுங்க.”

“தாங்கும். மாட்டிட்டு, தாங்கும்னு கையெழுத்துப் போடு. நாளைக்கு ஏதாவது ஆனா பேப்பர்ல உன் பேர்தான் இருக்கணும். முடியாதுன்னா நீ வீடு போய்ச் சேரமாட்ட.”

வாசலில் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அந்த வண்டியை ஓட்டும் டிரைவர் மாதேஷ் அந்த வீல்களையே வெறித்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் மாட்டினான். கையெழுத்தும் போட்டான். பிறகு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் தட்டோடு நீட்டினான்.

“புது வீலுக்கு முதல் ஓட்டம் முதலாளி கையாலதாங்க. குழியில இறங்கி, கல்லு ஏத்திக்கிட்டு வாங்க. கையெழுத்துப் போட்டவன், நானும் கூட வர்றேன்.”

ஏறி உட்கார்ந்தான்.

பச்சியப்பன் சாவியைப் பார்த்தார். செங்குத்தான பாதையைப் பார்த்தார். ஆட்களெல்லாம் அவரையே பார்த்தார்கள். சூடம் எரிந்து அணைந்தது. அவர் கை நீளவில்லை.

“பழைய இரும்பு வீலையே மாட்டித் தொலை!”

நசுங்காத பழத்தில் ஒன்றைப் பிழிந்து மாதேஷ் ஜூஸ் கொடுத்தான். முனிரத்தினத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.