சீவாளி பாதியில் விட்ட பேச்சு

அந்தக் காலத்தில் ஆறும் நாணலும் ஆடுமாடும் வாய் திறந்து பேசும். ஒன்று பேசத் தொடங்கினால் இன்னொன்று குறுக்கே பேசும், அப்படி ஒரு காலம். அப்போது கீழக்கரையில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் கைக்கு ஓய்வே கிடையாது. ஆற்றோரத்துக் கொறுக்கை நாணலைத் துண்டு போட்டுத் தண்ணீரில் அவிப்பாள். வெந்ததைக் கட்டைவிரலால் அமுக்கித் தட்டையாக்குவாள். அடியில் நூல் சுற்றிக் கட்டுவாள். அதுதான் சீவாளி, நாயனத்தின் தலையில் செருகி வாயில் வைத்து ஊதுகிற துண்டு. அவள் புருஷன் சிங்காரம்தான் ஊருக்கு நாயனக்காரன்.

பவளாயிக்குக் கூச்சம் அதிகம். யாராவது நிமிர்ந்து பார்த்தால் கால் பெருவிரலால் தரையைக் கீறுவாள். மடியில் ஆறு மாதப் பெண்பிள்ளை இருந்ததால், அதைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்ள அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அந்த ஊர் ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஆடி மாதம் மலையிலிருந்து இறங்கி வந்து மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஒரு வருஷம் கீழக்கரைக்கு முறை, ஒரு வருஷம் மேலக்கரைக்கு. முறைக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் நாயனம் ஊதிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அடுத்த கரைக்குப் போய்விடும். போன வருஷம் மேலக்கரையின் முறை. இந்த வருஷமும் ஆறு அங்கேயே போய்விட்டால், கீழக்கரைக்காரர்கள் விதைநெல்லைத்தான் குத்திச் சாப்பிட வேண்டும்.

கூப்பிட வேண்டிய அன்று காலையில் சிங்காரத்தைக் குளவி கொட்டிவிட்டது. அதுவும் உதட்டில்.

தவில்காரன் அய்யாவு வந்து பார்த்தான். "ஏம்ப்பா, பணியாரத்தை வாயிலேயே வச்சுக்கிட்டு எங்களுக்கு ஒண்ணு குடுக்காம இருக்கியே?" என்றான். வீங்கிய உதட்டோடு சிங்காரம் கையை நீட்டிப் பவளாயியைக் காட்டினான். செய்து முடித்த ஒவ்வொரு சீவாளியையும் அவள் கொல்லைப்புறம் போய் ஊதிப் பார்ப்பாள் என்பதும், யாரும் இல்லாத நேரத்தில் ஆற்றைக் கூப்பிடுகிற ராகத்தைக்கூட மெதுவாக வாசிப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அய்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை பேசவே பத்து நாள் யோசிக்கிற பெண் ஊருக்கு முன்னால் நின்று ஊதுவாளா என்று கேட்டான். பவளாயி பிள்ளையைப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே வெடித்துக் கிடந்த நாற்றங்காலைப் பார்த்தாள்.

"நான் ஊதுறேன்ணே," என்று தரையிடம் சொன்னாள்.

பிள்ளையோடும், சீவாளி, நூல், கத்தி போட்ட கூடையோடும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். எதிர்க்கரையில் மேலக்கரை நாயனக்காரன் கோனேரி, இவர்கள் தவறினால் ஆற்றைத் தன் பக்கம் கூப்பிடலாம் என்று தயாராக நின்றிருந்தான். கீழக்கரை ஆண்கள் எல்லாம் நாற்றுப் பறிக்கப் போய்விட்டார்களா, அங்கேதான் நாற்றே இல்லையே என்று இங்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்தான்.

சிங்காரத்தின் சீவாளியைத்தான் எடுக்க வேண்டும், அதுதான் ராசியானது என்று அய்யாவு பிடிவாதமாகச் சொன்னான். அந்தச் சீவாளியும் சும்மா இருக்கவில்லை. இந்த நாயனத்துக்குத் தன்னை விட்டால் வேறு பொருத்தம் கிடையாது என்று பெருமை அடித்துக்கொண்டது. நல்ல தடிமனான சீவாளி அது. பவளாயி மூச்சைக் கட்டி ஊதினாள். காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, நாயனத்திலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"கூப்பிட்டியா, தும்மினியா?" என்று கேட்டது ஆறு.

கூடையில் இருந்த மற்றச் சீவாளிகள் என்னை எடு, என்னை எடு என்று கத்தின. நோஞ்சான் என்று சிங்காரம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். அது நழுவிவிடக் கூடாதென்று பல்லால் கடித்து ஊதினாள். சீவாளி வாயை மூடிக்கொண்டு ஆடு மாதிரி கத்தியது. மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கி, நம்ம சொந்தக்காரங்க யாரோ வந்திருக்காங்க என்று பேசிக்கொண்டன. இரண்டு கரையும் சிரித்தது. சூரியன் பனைமரத்தின் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

போதும், வீட்டுக்குப் போகலாம் என்றான் அய்யாவு. பவளாயி நகரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசித்து அழுதது. மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே பிள்ளையின் வாயைப் பார்த்தாள். பல் இல்லாத வாய். அது கடிக்கவில்லை. உதட்டை மடித்துச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பிடித்துக்கொண்டு, தன் மூச்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்தது. இழுத்துவிட்டு நிறுத்தியது. மறுபடியும் இழுத்தது.

அவருக்குப் பெரிய உதடு, துருத்தி மாதிரி நெஞ்சு, அதனால் அந்தத் தடிச் சீவாளி அவருக்கு வளைந்து கொடுக்கிறது, எனக்கு எதற்கு வளையும் என்று நினைத்தாள். எது நல்ல சீவாளி என்று தேடியதே தப்பு. இந்த நாயனத்துக்கும் என் வாய்க்கும் எது ஒத்துவரும் என்றுதான் தேடியிருக்க வேண்டும்.

பிள்ளையை அய்யாவுவின் கையில் கொடுத்தாள். கூடையைக் கவிழ்த்தாள். உதட்டை மடித்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்று உதட்டுக்குச் சரியாக இருந்தது, நாயனத்தில் செருகினால் லொடலொடவென்று ஆடியது. இன்னொன்று நாயனத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, வாயில் முரண்டு பிடித்தது. கடைசியில் ஒன்று இரண்டுக்கும் வந்தது. அடியில் இரண்டு சுற்று நூல் போட்டு இறுக்கினாள். நுனி மட்டும் ஒரு மயிரிழை தடிப்பு.

அந்தச் சீவாளி ஓயாத வாயாடி. "அவசரப்படாதே பவளாயி, நான் சொல்றதைக் கேளு," என்றது. "நான் பொறந்தது ஆத்து நடுத்திட்டுல. இந்த ஆத்தோட மனசு எனக்குத் தெரியும். இதைக் கூப்பிடணும்னா நீ முதல்ல..."

சூரியன் பாதி மறைந்துவிட்டது. பவளாயி கத்தியை எடுத்து நுனியை நறுக்கிவிட்டாள்.

பேச்சு அப்படியே நின்றது. அதைப் பார்த்துப் பயந்த மற்றச் சீவாளிகளும் வாயை மூடிக்கொண்டன. அவை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

"கெடுத்தியே தங்கச்சி," என்றான் அய்யாவு. "விஷயத்தைச் சொல்ல வந்துச்சு. அதோட வாயையே நறுக்கிட்டியே."

பவளாயி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "இனிமே நான் சொல்ல வைக்கிறேன்ணே," என்றாள்.

சீவாளியை வாய்க்குள் வைத்து எச்சிலில் ஊற வைத்தாள். எதிர்க்கரையில் கோனேரி நாயனத்தைத் தூக்கிவிட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிள்ளை செய்த மாதிரி உதட்டை மடித்து, பல் படாமல் பிடித்து, இருக்கிற மூச்சைக் கொடுத்தாள்.

சீவாளி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கியது. இப்போது அதில் வார்த்தை இல்லை, நாதம் மட்டும்தான் இருந்தது. என்ன சொல்கிறது என்று கரையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. ஆற்றுக்குப் புரிந்தது. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்த தண்ணீர் மெல்ல எழுந்து, தலையைத் திருப்பிக் கீழக்கரைப் பள்ளத்தில் இறங்கியது. கோனேரி தூக்கின நாயனத்தை இறக்கிவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றான்.

நாலாம் நாள் சிங்காரத்தின் வீக்கம் வடிந்தது. ஆற்றை வரவழைத்த சீவாளியாயிற்றே என்று ஆசையோடு எடுத்து ஊதினான். அவன் மூச்சுக்கு அது தாங்கவில்லை, மே என்றது.

"என் சீவாளி உனக்கு ஊமை, உன் சீவாளி எனக்கு ஆடு," என்று சிரித்தான். பேசாமல் கிடந்த மற்றவற்றைக் குப்பையில் போடக் கூடையைத் தூக்கினான். பவளாயி கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க. எந்த வாயில எது பேசும்னு இனிமே அதுங்களாலயும் சொல்ல முடியாது. நாமதான் வச்சுக் கேக்கணும்."

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்து நாயனத்திலேயே கட்டித் தொங்கவிட்டாள்.

அன்று முதல்தான் நாயனத்தில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குகின்றன. அன்று முதல்தான் நாயனக்காரர் வாசிக்க உட்கார்ந்ததும் ஒன்றை எடுத்து வாயில் ஊற வைக்கிறார், ஊதிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், கழற்றிவிட்டு வேறொன்றை எடுக்கிறார். பாதியில் நின்றுபோன அந்தப் பேச்சை எது தன்னிடம் சொல்லி முடிக்கும் என்று, ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.