முக்காலி மேல் ஃபோன்

குடியை விட்டவனுக்கு ஊரிலுள்ள குடிகாரர்கள் எல்லாரும் கண்ணில் உறுத்துவார்கள். குழந்தைவேலு விட்டது குடியை அல்ல, ஃபோனை.

ஓயாமல் ஃபோனைப் பார்த்துப் பார்த்துத் தலையைத் திருப்ப முடியாமல் ஈரோட்டில் பிரிசில்லாவின் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தவன் அவன். அவர் கையாலேயே நீவிச் சரிசெய்தார். அன்றே பட்டன் ஃபோனுக்கு மாறினான். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, அந்தப் படிப்பையே படித்து முடித்து, அவரிடமே சீடனாகச் சேர்ந்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலில் இருக்கும் தூக்குப்போசியில், அந்த மூடி போட்ட தூக்குவாளியில், ஃபோனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கவுன்சிலரானாலும் கல்யாண மாப்பிள்ளையானாலும் அப்படித்தான்.

சாந்தாமணிக்கு மட்டும் விலக்கு. அந்த அம்மாள் கட்டிலில் குப்புறப் படுத்ததும், முகம் வைக்கும் துளைக்கு நேர் கீழே பிரிசில்லா ஒரு முக்காலியைப் போடுவார். அவளுடைய ஃபோனை எடுத்து அதன் மேல் வைப்பார்.

வேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், நாம நோயைத் தீர்க்கறமா, தீனி போடறமா?"

"அவங்க கழுத்துல கை வைங்க வேலு."

வைத்தான். முறுக்கிய கயிறாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி நீவினான். இறுக்கம் குறையவில்லை. சற்று நேரம் கழித்து, சொல்லிவைத்தாற்போல் தளர்ந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

"முடிச்சு இருக்கற இடம் தெரிஞ்சுதுங்க மேடம். விரல் பட்டதும் விட்டுருச்சு."

பிரிசில்லா அவன் விரலைப் பார்த்தார். முக்காலியையும் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் கை வைங்க" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் கிடைக்கவில்லை. அண்ணன் இறந்துபோனார் என்று பிரிசில்லா குன்னூருக்குக் கிளம்ப வேண்டி வந்தது. நிலையம் வேலுவின் பொறுப்புக்கு வந்தது. முதல் வேலையாக முக்காலியைத் தூக்கி மூலையில் வைத்தான்.

சாந்தாமணி வந்தாள்.

"இந்த வாரம் பூரா ஃபோன் இங்கயே இருக்கட்டுங்கம்மா. கழுத்துக்கு நான் பொறுப்பு."

"வீடியோவெல்லாம் நான் பாக்கறதில்லீங்க தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கறது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஒருக்கா பாத்துட்டுத் தர்றனுங்க."

"ஒருக்கா ஒருக்கான்னுதான் இந்த நெலமைக்கு வந்திருக்கீங்க."

டாக்டர் சொன்னால் மறுபேச்சுப் பேசத் தெரியாத அம்மாள். ஃபோனைப் போசியில் போட்டாள். வேலு அதை அணைத்து, மூடியை அழுத்தி மூடினான்.

அந்த ஒன்று என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வாய் ஒன்றும் வலித்திருக்காது.

அடுத்த வாரம் பிரிசில்லா திரும்பி வந்த அன்றே சாந்தாமணியும் வந்தாள். கழுத்து பாதிக்கு மேல் இளகியிருந்தது. வேலுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கைமேல் பலன் மேடம். ஃபோனை வாங்கி வெச்சேன், அவ்வளவுதான்."

பிரிசில்லா போசியைத் திறந்து ஃபோனை எடுத்தார். அவர் முகம் மாறியது. அதை இயக்கி சாந்தாமணியிடம் கொடுத்தார்.

தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு மூன்று குரல் செய்திகள். எல்லாம் ஒரே பெயரிலிருந்து. சாந்தாமணி ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. பயமா இருக்கும்மா. ஒரு வார்த்தை பேசு."

"அம்மா, எடும்மா."

மூன்றாவதில் குரல் தெளிந்திருந்தது.

"பையன் பொறந்திருக்கான். உனக்குத்தான் மகளே பொறக்கலையே, பேரன் மட்டும் எங்கிருந்து வருவான். இனிமே கூப்பிட மாட்டேன்."

மகளின் படம் இருந்த வட்டம் காலியாக இருந்தது. சாந்தாமணி திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். போகவில்லை; மகள் அம்மாவின் எண்ணையே தடுத்து வைத்துவிட்டாள். ஃபோனை மடியில் கட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள்.

"அது யாருங்க மேடம்?"

"ஒரே பொண்ணு, தாரணி. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டா. அன்னைக்கு ஊர் முன்னால, எனக்கு மகளே பொறக்கலைன்னு சொன்னவங்க இவங்கதான். அப்படிச் சொன்ன வாயால கூப்பிட வெக்கம். எந்த ஊர்ல இருக்கான்னும் தெரியாது. ஃபோன்ல மக பேருக்குக் கீழ ஆன்லைன்னு ஒரு சொல் வரும். வந்தா உசுரோட இருக்கா. அதுக்குத்தான் நாள் பூரா குனிஞ்சிருந்தாங்க."

"அன்னைக்கு நான் கை வெச்சப்போ..."

"அந்தச் சொல் வந்துச்சு. கழுத்து விட்டுச்சு."

வேலு தன் கட்டைவிரலைப் பார்த்தான். அதை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"என்கிட்ட ஏன் மேடம் சொல்லலை?"

"கழுத்து சொல்லும்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

பிறகு பல வாரங்கள் சாந்தாமணி வரவில்லை. வந்தபோது நேராக நடந்து வந்தாள். யாரும் கேட்காமலே ஃபோனைப் போசியில் போட்டாள். பிரிசில்லா முக்காலியை எடுக்கப் போனார்.

"அது வேண்டாமுங்க" என்றாள்.

வேலு தயங்கித் தயங்கிக் கை வைத்தான். முடிச்சு இல்லை, முறுக்கு இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை தடங்கலின்றித் திரும்பியது.

"தேவலைங்க தம்பி. உங்க கை ராசியான கை" என்று எழுந்தாள். அவள் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னாள்.

வாசல்வரை போனவளிடம் வேலு போசியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"அம்மா, ஃபோனுங்க."

"அது இங்கயே இருக்கட்டும் தம்பி."

அவள் தலை நிமிர்ந்தபடியே தெருவைக் கடந்து போனாள். வேலு போசியோடு உள்ளே வந்தான். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"மேடம், அவங்களுக்கு வலி நெஜமாவே போயிருச்சுங்களா?"

பிரிசில்லா கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். துளையைச் சுற்றி நனைந்திருந்த இடத்தை வேலு பார்க்கும்படி மேலே வைத்து மடித்தார்.

"கழுத்துல போயிருச்சு வேலு. குனிஞ்சு பார்க்க இனி அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே."